ஓடிடி சந்தா: எதற்குக் காசு கட்டுகிறோம்?

2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் பிரைம் வீடியோ பார்ப்பவர்களுக்குப் படத்தின் நடுவே விளம்பரம் வர ஆரம்பித்தது. வருடத்துக்கு 1,499 ரூபாயை முன்கூட்டியே கட்டியவர்களுக்கும்தான். விளம்பரம் வேண்டாம் என்றால் அதற்குத் தனியாக வருடம் 699 ரூபாய் அல்லது மாதம் 129 ரூபாய் கட்டச் சொன்னார்கள். ‘விளம்பரம் இல்லை என்றுதானே சேர்ந்தேன், வருடம் முடிவதற்குள் எப்படி மாற்றலாம்?’ என்று நிறைய பேர் கொதித்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சேவையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நிறுத்தி வைக்கலாம், மூடிவிடலாம் என்று நிறுவனம் தன் விதிமுறையில் முன்பே எழுதி வைத்திருந்தது. சேரும்போது எல்லோரும் அதற்குச் சம்மதம் சொல்லித்தான் உள்ளே போயிருந்தார்கள்.

ஓடிடி விதிமுறைகள் பல பக்கம் நீளும். அவ்வளவையும் உட்கார்ந்து படிக்க யாருக்கும் நேரம் கிடையாது. ஆனால் நாலைந்து நிறுவனங்களின் விதிமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். விலை, படங்கள், விளம்பரம், எத்தனை டிவி, யார் பார்க்கலாம் என எதையும் மாற்றும் உரிமை அவர்கள் பக்கம் இருக்கிறது. நம் பக்கம் இருப்பது இரண்டே இரண்டு: எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளும் உரிமை, அப்புறம் நாட்டின் சட்டம். இந்த இரண்டையும் நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றித்தான்.

நம் கைக்கு வருவது அனுமதி மட்டும்

சந்தா கட்டி நாம் எந்தப் படத்தையும் வாங்குவதில்லை. பார்ப்பதற்கு அனுமதி வாங்குகிறோம், அவ்வளவுதான். நெட்ஃபிளிக்ஸ் விதிமுறை இதைச் சுற்றி வளைக்காமலே சொல்கிறது. உறுப்பினராக இருக்கும் காலத்துக்கு மட்டும், சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாத ஓர் அனுமதி. வாடகை வீட்டுக்குக்கூடப் பதினோரு மாத ஒப்பந்தம் போடுகிறோம். அந்தப் பதினோரு மாதத்துக்குள் வீட்டுக்காரர் வந்து சமையலறையைப் பூட்டிக்கொண்டு போக முடியாது. ஓடிடியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. வருட சந்தா கட்டினால் அந்த வருடத்துக்கான கட்டணம் நிலையாக இருக்கும். உள்ளே என்ன இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

படங்கள் திடீரென்று காணாமல் போவதற்கும் காரணம் இதுதான். ஓடிடியில் இருக்கும் பெரும்பாலான படங்கள் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமானவை அல்ல. தயாரிப்பாளரிடம் இருந்து இத்தனை வருடத்துக்கு, இந்தெந்த நாடுகளுக்கு என்று உரிமை வாங்கி வைத்திருப்பார்கள். காலம் முடிந்து புதுப்பிக்காவிட்டால் படம் போய்விடும், அல்லது வேறொரு ஓடிடிக்கு மாறிவிடும். சென்னையில் கிடைக்கும் படம் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் வீட்டில் கிடைக்காமல் இருப்பதும் இந்த நாட்டுவாரி உரிமையால்தான். விபிஎன் போட்டு இடத்தை மறைத்துப் பார்ப்பதைப் பெரும்பாலான விதிமுறைகள் தடை செய்வதற்குப் பின்னாலும் தயாரிப்பாளரோடு போட்ட அந்த ஒப்பந்தம் இருக்கிறது.

டவுன்லோட் செய்து வைத்தால் நமக்குச் சொந்தமாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கோப்பு ஆப்புக்குள் பூட்டித்தான் இருக்கும். சில படங்களைப் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் அது காலாவதியாகிவிடும். சந்தாக் காலம் முடிந்த பிறகு எதுவும் திறக்காது.

தனியாகக் காசு கொடுத்து டிஜிட்டலில் ‘வாங்கிய’ படங்களுக்கும் இதே கதிதான். 2023 டிசம்பரில் சோனி நிறுவனம், தன் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷனில் மக்கள் விலை கொடுத்து வாங்கியிருந்த டிஸ்கவரி நிகழ்ச்சிகள் அவர்களுடைய கணக்கிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தது. எதிர்ப்பு வலுத்தது, அதே மாதத்தில் டிஸ்கவரியோடு பேசி முடித்து அந்த முடிவைக் கைவிட்டார்கள். காசு கொடுத்தவர்களுக்கு அப்போதுதான் தங்கள் நிலை புரிந்தது. கலிஃபோர்னியா மாநிலம் இதற்கென்று ஒரு சட்டமே போட்டது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே டிஜிட்டல் பொருளை விற்பவர்கள், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டும்தான், பிறகு பறிபோகவும் வாய்ப்பு உண்டு என்பதை வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுக்கும் இப்படி ஒரு சட்டம் அவசரமாகத் தேவை என்று நினைக்கிறேன்.

மாற்றம் எப்படி வருகிறது

விலையை உயர்த்துவதானால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகச் சொல்வோம் என்று நெட்ஃபிளிக்ஸ் எழுதி வைத்திருக்கிறது. அந்த அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். பெரும்பாலானோருக்கு அது விளம்பர மின்னஞ்சல்களோடு சேர்ந்து ஒதுங்கிவிடும். பிறகு வழக்கம்போல அன்று இரவு ஒரு தொடர் பார்ப்போம். பல நிறுவனங்களின் விதிமுறைப்படி, மாற்றம் அமலுக்கு வந்த பிறகும் தொடர்ந்து பார்த்தாலே அதை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. கையெழுத்துப் போட வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம். அதனால் சந்தா எடுத்த மின்னஞ்சல் முகவரி எது என்பது முக்கியம். யாரும் திறந்தே பார்க்காத பழைய முகவரியில் கணக்கு இருந்தால் எல்லா அறிவிப்பும் அங்கேதான் போய் விழும்; விதிமுறைப்படி நமக்குச் சொல்லிவிட்டதாகவும் ஆகிவிடும்.

நிறுவனமே மாறும்போதும் இதுதான் நடக்கிறது. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆனது. இரண்டிலும் சந்தா கட்டியிருந்தவர்கள் புதிய ஆப்புக்கு மாற்றப்பட்டார்கள். நம் கணக்கை நாம் தம்பிக்கு எழுதித் தர முடியாது. ஆனால் நம்மோடு போட்ட ஒப்பந்தத்தை அவர்கள் இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரலாம். பெரும்பாலான விதிமுறைகளில் இந்த ஏற்பாடு உண்டு. ‘விளம்பரம் இல்லாத’ பிளான் என்று எடுக்கும்போதும் கீழே சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. நேரலை நிகழ்ச்சிகளுக்கும் சில குறிப்பிட்ட நிகழ்ச்சிகளுக்கும் இது பொருந்தாது என்று அங்கே இருக்கும். கிரிக்கெட்டுக்காகவே அந்த பிளானை எடுத்தவர்கள் ஓவருக்கு ஓவர் விளம்பரம் பார்த்து ஏமாறுவது அப்படித்தான்.

எல்லா நாட்டிலும் இதை விட்டுவிடவில்லை. ஜெர்மனியில் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பு தொடுத்த வழக்குகளில், பெர்லின் உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ், பாட்டுக் கேட்கும் சேவையான ஸ்பாட்டிஃபை இரண்டின் விலை மாற்றும் விதிகளும் செல்லாது என்று சொன்னது. நீதிமன்றம் பார்த்த முக்கியமான விஷயம் எளிமையானது. செலவு கூடினால் விலையைக் கூட்டுவேன் என்கிற விதியில், செலவு குறைந்தால் விலையைக் குறைப்பேன் என்பது எங்கே? ஒரு பக்கம் மட்டும் நகரும் விதி நியாயமானது இல்லை. நம் ஊர் நுகர்வோர் அமைப்புகளும் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

ஆட்டோபே

நடைமுறையில் ஆட்களுக்கு அதிகம் காசு போவது இந்த இடத்தில்தான். சந்தா என்றாலே தானாகப் புதுப்பிக்கும் சந்தா என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். நாம் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். மாத நடுவில் நிறுத்தினால் மீதி நாளுக்குக் காசு திரும்ப வராது. கட்டிய காலம் முடியும்வரை பார்க்கலாம். வருட பிளானிலும் பொதுவாக இதே கதைதான்.

என் அத்தை ஒருநாள் போன் செய்து, “ஏண்டா, அந்த ஆப்பை நான் எப்பவோ அழிச்சுட்டேனே, இன்னும் மாசாமாசம் காசு போகுதே?” என்று கேட்டார். “ஆப்பை அழிச்சா சந்தா நிக்காது அத்தை. சந்தாவைத் தனியா கேன்சல் பண்ணணும்” என்றேன். “அதை அப்பவே சொல்ல வேண்டியதுதானே அவங்க?” என்றார். அத்தை கேட்டது சரியான கேள்வி. சந்தா எடுக்கும்போதே, ‘ஆப்பை அழித்தாலும் சந்தா நிற்காது’ என்று ஒரு வரி காட்டுவது எந்த நிறுவனத்துக்கும் கஷ்டமான வேலை இல்லை.

இந்தியாவில் இதற்கு ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் விதிகள் வெளியிட்டது. 2021 அக்டோபர் 1 முதல் அவை கறாராக அமலுக்கு வந்தன. அந்தச் சமயத்தில் பல பேருடைய சந்தாக்கள் திடீரென்று நின்றுபோனது நினைவிருக்கலாம். வங்கிகளும் நிறுவனங்களும் புதிய முறைக்கு மாறாமல் இருந்ததுதான் காரணம். விதி இதுதான்: முதல் முறை ஓடிபி அல்லது பின் போட்டு நாம் அனுமதி தர வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வங்கி நமக்குத் தகவல் சொல்ல வேண்டும். யாருக்குப் போகிறது, எவ்வளவு, எந்தத் தேதியில், எதற்காக என்று அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு தவணையை மட்டும் நிறுத்தவும், மொத்த அனுமதியையே ரத்து செய்யவும் அதிலேயே வழி இருக்க வேண்டும். சந்தாத் தொகை 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் மறுபடி ஓடிபி தேவை. இந்த வரம்பு 2022 ஜூனில் 5,000 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்டது. இந்த வசதிக்கெல்லாம் வாடிக்கையாளரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது.

அதாவது, காசு போவதற்கு முந்தின நாள் நமக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ வந்தே தீர வேண்டும். கடன் வேண்டுமா, லாட்டரி விழுந்திருக்கிறது என்று வரும் குப்பைகளுக்கு நடுவில் அதைத் தேடிப் பிடிப்பதுதான் சிரமம். தானாகப் பணம் எடுக்க நாம் தரும் அனுமதிக்கு ஆங்கிலத்தில் ‘மேண்டேட்’ (mandate) என்று பெயர்; அந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டு எஸ்எம்எஸ் பெட்டியில் தேடிப் பார்த்தால் பழையவை எல்லாம் வரிசையாக வரும்.

யூபிஐ வழியாகச் சந்தா எடுத்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. உங்கள் யூபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பகுதிக்குப் போங்கள். எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த வருடம் வரை அனுமதி என்று எல்லாம் எழுதியிருக்கும். தொகை இருக்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சில அனுமதிகளில் சரியான தொகை இருக்கும். சிலவற்றில் இத்தனை ரூபாய் ‘வரை’ என்று உச்சவரம்பு இருக்கும். நீங்கள் எடுத்த பிளான் 149 ரூபாயாக இருக்கலாம், வரம்பு அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். வரம்பு உயரமாக இருந்தால், நாளைக்கு விலை ஏறினாலும் உங்களிடம் மறுபடி பின் கேட்கத் தேவையில்லாமல் புதிய தொகை போய்விடும். விதிமுறையில் இருக்கும் விலை மாற்றும் உரிமையும் யூபிஐயில் இருக்கும் உச்சவரம்பும் ஒன்றோடொன்று கைகோத்து வேலை செய்வது இப்படித்தான். அனுமதி தரும்போது பின் போடும் திரையிலேயே இந்தத் தொகை தெரியும். நாம்தான் அவசரத்தில் பார்ப்பதில்லை.

வேண்டாத அனுமதியை அங்கேயே ரத்து செய்யலாம், பின் போட்டால் முடிந்தது. ஆனால் அது பணம் போவதை மட்டும்தான் நிறுத்தும். ஓடிடி கணக்கிலும் போய்ச் சந்தாவை நிறுத்திவிடுவது நல்லது. இரண்டையும் செய்தால் பிற்பாடு பேச்சுக்கு இடமில்லை.

எங்கே நிறுத்துவது என்பதும் குழப்பமான விஷயம். சந்தாவை எங்கே எடுத்தோமோ அங்கேதான் நிறுத்த முடியும். ஐபோனில் ஆப்பிள் வழியாக எடுத்திருந்தால் ஆப்பிள் கணக்கின் செட்டிங்ஸில் நிறுத்த வேண்டும், அதுவும் புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு நாளாவது முன்னால். கூகுள் பிளே வழியாக எடுத்திருந்தால் பிளே ஸ்டோரில். மொபைல் ரீசார்ஜோடோ பிராட்பேண்டோடோ சேர்ந்து வந்திருந்தால் விஷயம் இன்னும் சிக்கல். அங்கே ஓடிடியின் விதிமுறை ஒன்று, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் விதிமுறை ஒன்று என்று இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கும். பிரச்சினை வந்தால் அவர்களைக் கேளுங்கள் என்று இவர்களும், இவர்களைக் கேளுங்கள் என்று அவர்களும் கைகாட்டுவார்கள். யாருடைய ரசீதில் காசு வாங்கினார்களோ அவர்களிடம்தான் முதலில் எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

நிறுத்துவதை வேண்டுமென்றே கடினமாக்குவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 ஜூனில் அமேசான் மீது வழக்குப் போட்டது. பிரைம் சந்தாவை நிறுத்த நான்கு பக்கங்களைத் தாண்டி, ஆறு முறை கிளிக் செய்து, பதினைந்து விருப்பங்களுக்கு நடுவே வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்பது குற்றச்சாட்டு. அந்த நீண்ட வழிக்கு நிறுவனத்துக்குள்ளேயே ‘இலியட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நீண்டு இழுத்த ஒரு போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயர். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதில் 100 கோடி அபராதம், 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை. ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்கும் நிறுவனங்கள் நிறுத்துவதற்கென்று தெளிவான ஒரு பொத்தானைத் தங்கள் தளத்தில் வைத்தே ஆக வேண்டும்.

இந்தியாவிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் 13 வகைத் தந்திரங்களை அது தடை செய்கிறது. அவற்றில் ஒன்று சந்தாப் பொறி. நிறுத்த முடியாதபடி செய்வது, நிறுத்தும் வழியை ஒளித்து வைப்பது, இலவசம் என்று சொல்லிவிட்டு உடனே ஆட்டோபே அனுமதி கேட்பது, நிறுத்துவது எப்படி என்பதைப் புரியாத மொழியில் எழுதுவது எல்லாமே இதற்குள் வரும். ‘நிஜமாகவே போகிறீர்களா, இவ்வளவு நல்ல படங்களை இழக்கப்போகிறீர்களா?’ என்று கூச்சப்பட வைத்துப் பிடித்து நிறுத்தும் தந்திரமும் அந்தப் பட்டியலில் தனியாக உண்டு.

ஒரே வீடு என்றால் எது?

‘பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் அன்பு’ என்று 2017இல் நெட்ஃபிளிக்ஸே ட்விட்டரில் எழுதியது. ஆறு வருடம் கழித்து, 2023 ஜூலை 20 அன்று, இந்தியாவில் கணக்கைப் பகிர்ந்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப ஆரம்பித்தது. கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்பது விதிமுறையில் முன்பே இருந்ததுதான். அதுவரை அமல்படுத்தாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். விதிமுறைகளைப் பற்றி இது சொல்லும் பாடம் பெரியது. எழுதி வைத்துப் பயன்படுத்தாமல் விட்ட ஒரு விதியை எந்த நாளும் கையில் எடுக்கலாம். ‘இத்தனை நாள் விட்டீர்களே’ என்று கேட்க முடியாது.

வீடு என்பதை அவர்கள் ரத்த உறவை வைத்துப் பார்ப்பதில்லை. டிவி எந்த இணைய இணைப்பில் ஓடுகிறது, அதே இணைப்பில் வேறு என்ன சாதனங்கள் வருகின்றன, ஐபி முகவரி என்ன என்பதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். திருநெல்வேலியில் அப்பா அம்மா, கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் மகள், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் என்றால் நமக்கு அது ஒரே குடும்பம், ஒரே ரேஷன் கார்டாகக்கூட இருக்கலாம். விதிமுறைப்படி மூன்று வீடுகள். வேறு சில நாடுகளில் கூடுதல் காசு கொடுத்து வெளியூரில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தார்கள். இந்தியாவில் அப்போது அதையும் கொடுக்கவில்லை. படிப்புக்கும் பிழைப்புக்கும் ஊர் ஊராகப் பிரிந்து வாழும் குடும்பங்கள் நிறைந்த நாட்டில் இந்த வரையறை பொருந்தவே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பார்த்த வரலாற்றோடு ப்ரொஃபைலை மட்டும் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. தனிக்கணக்கு எடுப்பவர்களுக்கு அது உதவும்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. பாஸ்வேர்டைக் கொடுத்த நண்பர் செய்யும் தவறும் கணக்குக்காரர் தலையில்தான் விழும். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆம்னி பஸ்ஸிலும் ஹோட்டலிலும் கல்யாண மண்டபத்திலும் சொந்தச் சந்தாவை வைத்துப் படமோ கிரிக்கெட்டோ போட்டுக் காட்டுவது விதிமுறை மீறல். அதோடு 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி வழக்குக்கும் இடம் தரும். குழந்தைகள் விஷயத்தில், சந்தா ஒப்பந்தம் போடுபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். 2021ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி யூ, யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+, ஏ என்று வயது குறிப்பு தர வேண்டும். 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். அந்தப் பூட்டைப் போடாமல் விட்டுவிட்டு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது.

தகராறு வந்தால்

விதிமுறையின் கடைசிப் பக்கங்களை யாரும் திறப்பதில்லை. மிகக் கனமான வரிகள் அங்கேதான் இருக்கும். 2023 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், டிஸ்னி வளாகத்தில் இருக்கும் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட ஒரு மருத்துவர் கடும் ஒவ்வாமையால் இறந்துபோனார். கணவர் டிஸ்னி மீது வழக்குப் போட்டார். டிஸ்னியின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வைத்த வாதம் உலகத்தையே அதிர வைத்தது. கணவர் 2019இல் டிஸ்னி பிளஸ் ஓடிடியை இலவசமாகப் பார்க்கப் பதிவு செய்திருந்தார். அதன் விதிமுறையில், தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் தனியார் நடுவர் மூலம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே இந்த வழக்கை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்றார்கள். மனைவியை இழந்த ஒருவரிடம், நீங்கள் எப்போதோ ஒரு டிவி ஆப்பில் ‘சரி’ என்று அழுத்தினீர்களே என்று சொன்னார்கள். எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியதும் 2024 ஆகஸ்டில் டிஸ்னி அந்த வாதத்தைக் கைவிட்டது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்து தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. நிறுவனம் தானாகப் பின்வாங்கியது. அதனால் அந்த விதியின் வலு குறையவில்லை.

இந்த விஷயத்தில் இந்திய நுகர்வோர் நிலை எவ்வளவோ மேல். ஒப்பந்தத்தில் நடுவர் விதி இருந்தாலும், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமையை அது தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் ஒரு கட்டுமான நிறுவன வழக்கில் 2018 டிசம்பரில் உறுதி செய்துவிட்டது. வழக்கு மும்பையில்தான், டெல்லியில்தான் போட வேண்டும் என்று விதிமுறையில் எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டியதில்லை. 2019ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

அதே சட்டத்தில் இன்னொரு முக்கியமான ஏற்பாடு இருக்கிறது: நியாயமற்ற ஒப்பந்தம். இரண்டாவது பிரிவின் 46ஆவது உட்பிரிவு ஆறு வகை நியாயமற்ற விதிகளைப் பட்டியலிடுகிறது. அதில் மூன்று ஓடிடி விதிமுறைகளைப் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். தகுந்த காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. நுகர்வோருக்குப் பாதகமாக, அவர் சம்மதம் இல்லாமல் ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு மாற்றலாம் என்பது இன்னொன்று. நுகர்வோரைப் பாதகமான நிலைக்குத் தள்ளும் நியாயமற்ற கட்டணம், கடமை, நிபந்தனை என்பது மூன்றாவது. வருடக் காசை மொத்தமாக வாங்கிக்கொண்டு பாதியில் விளம்பரத்தை நுழைப்பது இந்த மூன்றாவதில் வரும் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. இப்படிப்பட்ட விதிகளைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை, மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. தமிழ்நாட்டில் மாநில ஆணையம் சென்னையில் இருக்கிறது, மதுரையில் அதன் அமர்வும் இருக்கிறது. தனி ஆள் இதற்காக அலைவது கஷ்டம். ஒரு நுகர்வோர் அமைப்பு கையில் எடுத்தால் லட்சக்கணக்கானவர்களுக்குப் பயன்படும்.

சாதாரணப் பணத் தகராறுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். இணைய வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அவருடைய பெயரும் மின்னஞ்சலும் ஆப்பிலோ தளத்திலோ இருக்கும். சாட்டில் பேசினாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த அன்று பிளானில் என்ன எழுதியிருந்தது என்ற ஸ்கிரீன்ஷாட் அதைவிட முக்கியம், ஏனென்றால் தளத்தில் அந்தப் பக்கம் மாறிவிடும். அன்று என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் படம்தான் சாட்சி. நிறுவனம் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அங்கேயும் முடியாவிட்டால் நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டில் இருந்தபடியே மாவட்ட ஆணையத்தில் புகார் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. எந்த ஓடிடி சந்தாவும் அந்த வரம்புக்குள்தான் இருக்கும்.